அந்தப் பெட்டி தாங்குமா

அந்தப் பெட்டி எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று ஆழ்வார்பேட்டை முழுக்கச் சேறு. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் நுழைய முடியாமல், கூரியர் வண்டிக்காரர் இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டு போன் செய்தார். நானும் என் தோழியும் குடையோடு போய் வாங்கி வந்தோம். அட்டையின் மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. உடையும் பொருள் என்பதற்கான கண்ணாடிக் கோப்பைப் படம் மட்டும் இருந்தது.

உள்ளே இருந்தது இன்னும் கடைக்கு வராத ஒரு கேம் கன்சோல். டிவியில் செருகி விளையாடும் பெட்டி. வெளியே விற்பதற்கு வெகு நாள் முன்பே எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றை அனுப்புவார்கள். விற்பனைக்கு வருவது மெலிதாக, பளபளப்பாக இருக்கும். எங்களுக்கு வருவது தடித்த கறுப்பு டப்பா. வீட்டில்கூட அதைப் பற்றிப் பேச மாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்கள். அதற்கென்று ஒரு அறை, பூட்டு, கேமரா எல்லாம் வைத்திருந்தோம்.

எங்கள் ஸ்டுடியோ சிறியது. வெளிநாட்டில் யாரோ ஒரு கேமை உருவாக்குவார்கள். அது வேறு வேறு கன்சோல்களிலும் ஓடும்படி மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. நானும் தோழியும் கிராபிக்ஸ் பக்கம். திரையில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும், நிழல் எவ்வளவு கறுக்க வேண்டும், புகை எப்படிக் கலைய வேண்டும் என்று ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள். நான் மயிலாப்பூரில் பிறந்து கல்யாணமாகி மேற்கு மாம்பலம் போனவள். அவள் சாந்தோம். அம்மா, அப்பா, அக்கா எல்லோரும் டீச்சர்கள். இவள் ஒருத்திதான் வீட்டில் தடம் மாறியவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

மறுநாள் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இப்ப இருக்கிற கேம் இதுல ஓடுமான்னு கேக்கல. அது ஓடும். அந்த வெளிநாட்டு கம்பெனிக்காரங்க ஒரு பெரிய கேம் செஞ்சுக்கிட்டிருக்காங்க இல்ல, அது முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதையும், அதுக்கு அப்புறம் வர்றதையும் இந்த சிப் தாங்குமா? அதைச் சொல்லுங்க. தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க. ஒருத்தரோட பதிலை இன்னொருத்தர் பாக்காதீங்க."

இந்தக் கேள்வி ஏன் கஷ்டம் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் என்றால் போதவில்லை என்றதும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு வேறு போடலாம். கன்சோலில் அது முடியாது. ஒரு முறை செய்ததுதான். ஏழெட்டு வருஷத்துக்கு அதே சிப், அதே மெமரி. கேம்களோ வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகும். இன்னும் எழுதப்படாத ஒன்றை, இன்று மூடி ஒட்டிய ஒரு பெட்டி சுமக்குமா என்று கேட்டால் என்ன சொல்வது? கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் மண்டபம் பிடிப்பது மாதிரி.

பாதி முடிந்த அந்தப் பெரிய கேமிலிருந்து ஒரு பகுதியை அனுப்பியிருந்தார்கள். ஒரு துறைமுக ஊர், சாயங்காலம், மழை. கடைத்தெருவில் விளக்குகள் எரிகின்றன, நனைந்த தரையில் அந்த வெளிச்சம் நெளிகிறது. அந்தத் தரை என்னுடையது. அசல் கேமுக்கே அந்தப் பகுதியை எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டிருந்தார்கள். அதற்காக முந்தின மழைக்காலத்தில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் குனிந்து குனிந்து படம் எடுத்திருக்கிறேன். காய்கறிக் கடை போட்டிருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, தண்ணியப் போயி போட்டோ புட்ச்சுக்கினு கீற?" என்றார். வேலை என்றேன். "இதுக்கெல்லாம் வேலையா?" என்று கேட்டுக்கொண்டே, குட்டையை மறைத்துக்கொண்டிருந்த வெங்காய மூட்டையை எனக்காக நகர்த்தி வைத்தார். ட்யூப்லைட் வெளிச்சம் முழுசாகத் தண்ணீரில் விழுந்தது. அந்தப் படத்தை வைத்துத்தான் தரையை எழுதினேன்.

என் முறை வந்தபோது பெட்டியில் அதை ஓட்டினேன். தெரு நன்றாகத்தான் திறந்தது. நின்ற இடத்தில் நின்று பார்த்தால் குறையே இல்லை. நடக்க ஆரம்பித்ததும் இழுத்தது. நொடிக்கு முப்பது படமாவது வரைந்தால்தான் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். அது இருபதுக்குக் கீழே போனது. தெருவில் குடை பிடித்த நாலு பேர் குறுக்கே வந்தால் இன்னும் மோசம். எதையெதையோ குறைத்துப் பார்த்தேன். வரைகிற சிப் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய சரக்கு மெமரியிலிருந்து வந்து சேர்கிற வழி குறுகல். தி.நகருக்குள் தீபாவளி நேரத்தில் லாரி விட்ட கதை. சிப் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

தோழி தன் முறையில் என்ன பார்க்கிறாள் என்று தெரியவில்லை. அவள் முகம் தெளிவாக இருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு. அது என்னை என்னவோ செய்தது.

அந்த நாட்களில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மாலை நேரே வீட்டுக்குப் போகாமல் லஸ் வரை நடப்பேன், அங்கிருந்து மயிலாப்பூர் கோயில் குளத்தைச் சுற்றி வருவேன், தடுப்புத் தகரங்களுக்கு நடுவே வழி கேட்டுத் திரும்புவேன். ஒரு நாள் ஆட்டோவில் ஏறி மாம்பலம் என்றேன். ஓட்டுநர், "அந்தப் பக்கம் போவ முடியாது மேடம், ரோடு பூரா தோண்டி கீது. சுத்திக்கினுதான் போவணும்," என்றார். சுற்றியே போங்கள் என்றேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் என் கணவர் பழைய கன்சோலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு முந்தின கேம். அதில் பந்து பிடிப்பவர்களுக்கு விரலே தனித்தனியாகக் கிடையாது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

"உக்காரேன். ஹாலுக்கும் கிச்சனுக்கும் எத்தனை தடவை நடப்ப?"

"ஆபீஸ்ல ஒரு கேள்வி கேட்டிருக்காங்க."

"பதில் தெரியலையா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். அது சரியான்னுதான் தெரியல."

அவர் ஆட்டத்தை நிறுத்தினார். "போன தடவை மாதிரி ஆயிடுமா?"

போன தடவை யாரையும் கேட்காமல் முதலாளியே முடியும் என்று சொல்லிவிட்டார். ஒரு சின்னக் கன்சோலில் மிகப் பெரிய கேம். அந்த வருஷம் முழுக்க நாங்கள் வெட்டி வெட்டிச் சுருக்கினோம். இரண்டு பேர் சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார்கள். எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கடைசியில் வெளிவந்தபோது விளையாடியவர்கள் இணையத்தில் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். அதிலிருந்து முதலாளி எங்களைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே இந்த முறை பொறுப்பு எங்கள் தலையில்.

"ஆயிடக் கூடாதுன்னுதான் நடக்கிறேன்," என்றேன்.

மீட்டிங்கில் நான்தான் முதலில் பேசினேன். முடியாது என்றேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். இன்றைக்கே மூச்சு வாங்குகிறது, இரண்டு வருஷத்தில் கேம் இன்னும் கனக்கும், இந்தப் பெட்டி கனக்காது.

தோழி முடியும் என்றாள்.

"நீங்க முழுப் படத்தையும் வரையச் சொல்றீங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மீட்டிங்கில் மட்டும் எனக்கு நீங்க. "அதான் இழுக்குது. சின்னதா வரையச் சொல்லுங்க. மீதியை அது ஊகிச்சுப் பெருசாக்கிக்கும். இந்த சிப்ல அதுக்குன்னே ஒரு பகுதி வச்சிருக்காங்க."

"ஊகிக்கிறது தப்பாப் போனா?"

"சில இடத்துல போகும். ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கும். ஆனா எந்தக் கன்சோலையும் முதல் வருஷத்து கேமை வச்சு முடிவு பண்ணக் கூடாது. கடைசி வருஷத்துல வர்ற கேம் எப்பவும் நல்லா இருக்கும். பெட்டி மாறல. எழுதுறவங்க அதைப் பழகிட்டாங்க. நாமளும் பழகுவோம்."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. குரலில் துளி நடுக்கம் இல்லை. முதலாளி அந்த ஊகிக்கிற பகுதியைப் பற்றி அவளிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "சரி, எடுத்துக்கறோம்," என்றார். அவளைத் தலைமைப் பொறுப்பில் போட்டார். என்னிடம், வேண்டுமானால் வேறு வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். நான் மாறவில்லை. அவளுக்கு என்ன தெரிகிறது, எனக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்காமல் போக மனம் வரவில்லை.

அடுத்த சில மாதங்கள் நான் மழையோடு மல்லுக்கு நின்றேன். அவள் சொன்ன மாதிரி சின்னதாக வரைந்து பெரிதாக்கினோம். சுவர், வானம், முகம் எல்லாம் ஏமாற்றத் தோதாக இருந்தன. தரை மட்டும் வழிக்கு வரவில்லை. தண்ணீரில் நெளிகிற வெளிச்சத்தை ஊகிக்கச் சொன்னால் அந்தப் பகுதி குழம்பியது. விளக்கின் பிம்பம் நடுங்கி, பிரிந்து, எறும்பு மொய்த்த மாதிரி ஆனது. முழுசாக வரையச் சொன்னால் பழையபடி இழுத்தது.

ஒரு நாள் அவள் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"மழையை எடுத்துடலாமா பா?"

"மழையையா?"

"மழை பெய்யட்டும். தரையில தெரியுற வெளிச்சத்தை மட்டும். முன்னாடியே வரைஞ்சு வச்ச படமா ஒட்டிடலாம். அசையாது. ஆனா இழுக்காது."

"அசையலன்னா அது ஈரமாவே தெரியாது. ஆயில் பெயின்ட் அடிச்ச தரை மாதிரி இருக்கும்."

"தெரியும்."

"உன்னோட பதிலைக் காப்பாத்த என்னோட தரையை எடுக்கச் சொல்ற."

அவள் நாற்காலியைத் தன் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் தேவலாம். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், டீக்கடையில் நின்று, டீயைச் சொல்லிவிட்டுக் குடிக்காமல் திரும்பி வந்தேன். இரண்டு வாரம் அவளோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

எங்களிடம் டெஸ்டராக ஒரு பெண் இருந்தாள். திருவான்மியூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரே காட்சியை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப விளையாடிப் பார்த்து எங்கே தவறுகிறது என்று சொல்வது அவள் வேலை. அந்த வாரம் என் மழைத்தெருவை அவளிடம் கொடுத்திருந்தேன். ஏதோ ஒரு மாற்றத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில் அறைக்குள் போனால், அவள் கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். தலை சுத்துது. இந்தத் தெருவுல திரும்பும்போது மட்டும் வயித்தைப் புரட்டுது."

"எத்தனை நாளா?"

"குடுத்த நாள்லேர்ந்து. ரிப்போர்ட்ல எழுதல. நீங்க ரொம்ப மெனக்கெட்டுச் செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

அவளை வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எலுமிச்சை சாறு வாங்கி வரச் சொன்னேன். அவள் மறுபடி மறுபடி, பரவாயில்லை மேடம் என்றாள். அது எனக்குத் தாங்கவில்லை. படம் சீராக ஓடாமல் விட்டுவிட்டு ஓடினால் சிலருக்குக் குமட்டும் என்று எனக்குத் தெரியாதா? படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு ஆள் என் கண் முன்னால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறவரை, அது எண்ணாகத்தான் இருந்தது.

திரும்ப வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அசைகிற தரையை எடுத்துவிட்டு, வரைந்து வைத்த படத்தை ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. தெரு வழுக்கிக்கொண்டு ஓடியது. தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கன்ட்ரோலரை வாங்கி, தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தாள்.

"ஆயில் பெயின்ட்தான்," என்றாள். "ஓரத்துல ரெண்டு இடத்துல சொட்டு விழுந்து வளையம் பரவுற மாதிரி வைக்கலாம். அது செலவில்ல."

வைத்தோம். கொஞ்சம் பரவாயில்லை.

கன்சோல் கடைக்கு வந்தது. கேம் சொன்ன தேதிக்குச் சில மாதம் தள்ளி வந்தது. யாரும் கிழிக்கவில்லை, யாரும் தலையில் வைத்துக் கொண்டாடவும் இல்லை. பெரிய இயந்திரத்தில் இருக்கிற அழகு இதில் இல்லை, ஆனால் ஓடுகிறது, இவ்வளவு ஓடுவதே ஆச்சரியம் என்று எழுதினார்கள். ஒரு சனிக்கிழமை தி.நகரில் என் கணவரோடு துணி எடுக்கப் போனபோது ஒரு கடையில் அதைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி மாதிரி இருந்த இரண்டு பேர் ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஆடினார்கள். மழைத்தெரு வந்தது. அந்தப் பெண் அங்கே நிற்கவே இல்லை. கேமில் யாரோ துரத்துகிறார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தாள். நான் இரண்டடி பின்னால் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். தரையை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவளைத் தோளில் தட்டிக் கீழே பார் என்று சொல்லவேண்டும்போலவும் இருந்தது. கணவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "போலாமா?" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் அந்த வெளிநாட்டு நிறுவனம் இன்னொரு கேமை அனுப்புவதாகச் சொன்னது. முன்னதைவிடப் பெரியது. அதே பெட்டி. அதே கேள்வி.

செய்தி வந்த மாலை நானும் தோழியும் திருவான்மியூர் கடற்கரைக்குப் போனோம். நடக்க வந்தவர்களும் நாய்களும் சுண்டல் விற்பவர்களுமாகக் கூட்டம். மணலில் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மீட்டிங்ல உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அதை மட்டும் சொல்லு. நான் ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். நீ பாத்த அதே பெட்டியைத்தான் நானும் பாத்தேன்."

அவள் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள்.

"எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"ஓடுமான்னு தெரியல பா. நீ சொன்ன கணக்கெல்லாம் எனக்கும் வந்துச்சு. கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆனா முடியாதுன்னு சொல்லிட்டா அதோட போச்சு, உள்ள போய்ப் பாக்கவே முடியாது. எனக்கு அதைப் பாக்கணும்னு இருந்துச்சு. அதனால முடியும்னு சொன்னேன்."

"அதையா அவ்வளவு தைரியமா சொன்ன?"

"பயத்துலதான் சொன்னேன். அன்னிக்கு மீட்டிங் முடிஞ்சு பாத்ரூம்ல போய்க் கதவைத் தாழ்போட்டுக்கிட்டு நின்னேன். கோயில்ல பாடும்போதுகூட அந்தத் தெருதான் ஞாபகம் வரும்."

எனக்குக் கோபம் வந்தது. லேசான கோபமில்லை. இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று இரண்டு வருஷம் நான் என்னையே தின்றிருக்கிறேன். குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். இவள் பக்கத்து நாற்காலியில் அதே பயத்தை வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்திருக்கிறாள். எழுந்து தண்ணீர் பக்கம் போனேன். கால் நனையும் இடத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். அவள் இருந்த இடத்திலேயே, சுண்டல் பொட்டலம் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"தனித்தனியா சொல்லச் சொன்னாங்க."

"அதுக்கு அப்புறமாவது."

"அப்புறம் சொன்னா நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம். நீ இல்லாம அந்தத் தெரு எனக்கு வந்திருக்காது."

நான் ஒரு பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன். சுண்டலில் மாங்காய் அதிகம். தின்று முடித்து எழுந்தோம். பஸ் நிலையம்வரை சேர்ந்து நடந்தோம். அங்கே நின்றுகொண்டு, "இந்தத் தடவை ரெண்டு பேரும் உள்ளதைச் சொல்லுவோம்," என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் முதலாளியிடம், "தெரியாது," என்றேன். அவர் தோழியைப் பார்த்தார். அவளும் தெரியாது என்றாள்.

"என்ன, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"ஆமா சார்," என்றாள் தோழி. "மூணு மாசம் குடுங்க. ஒரு காட்சியை மட்டும் எடுத்து முழுசா செஞ்சு பாக்கறோம். தாங்குதா இல்லையான்னு அப்ப சொல்றோம்."

"அவங்க ஆமாம் இல்லைன்னுதான் கேப்பாங்க. மூணு மாசம் யார் குடுப்பா?"

"கேட்டுப் பாருங்க," என்றேன்.

அவர் முகம் நன்றாக இல்லை. இருந்தாலும் எங்கள் எதிரிலேயே மெயிலை அடித்து அனுப்பினார். இதை எழுதுகிற வரையில் பதில் இல்லை. வேறு ஸ்டுடியோ எதுவும் முடியும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டதோ என்று அவருக்கு உள்ளூரக் கலக்கம்; தினமும் எங்கள் அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மெயிலைத் திறக்கிறேன். பதிலுக்குக் காத்திராமல் நேற்று நாங்களாகவே தொடங்கிவிட்டோம். மாதிரிக்கு அவர்கள் அனுப்பியிருந்த புது கேமின் முதல் காட்சியில் ஒரு ரயில் நிலையம். தோழி கூட்டத்தை எடுத்துக்கொண்டாள். கூரைக் கண்ணாடி வழியாக வருகிற வெயிலை நான் எடுத்துக்கொண்டேன்.